கட்டிலில் படுத்தால்தான் காப்பீடா?

(திருவனந்தபுரத்தில் தமிழ் வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2019 ஜூன் 8ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி குருவாயூர் வந்தார். இரண்டாம் முறை பதவியேற்று பத்து நாள்கூட ஆகவில்லை. கோயிலில் தாமரைப்பூ துலாபாரம் முடித்துவிட்டு அங்கே ஒரு கூட்டத்தில் பேசினார். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் கேரளம் சேரவில்லை, அதனால் இங்குள்ள ஏழைகளுக்கு அதன் பலன் கிட்டவில்லை என்று வருத்தப்பட்டார். அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா உடனே மறுத்தார். 2018 கடைசியிலேயே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, திட்டம் ஏப்ரலிலிருந்தே நடக்கிறது, பிரதமருக்கு யாரோ தவறான தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

ஒரு மாநிலம் ஒரு திட்டத்தில் சேர்ந்ததா இல்லையா என்பதிலேயே பிரதமரும் மாநில அமைச்சரும் இரண்டு பேச்சு பேசுகிறார்கள் என்றால் அதை வெறும் தகவல் பிழை என்று தள்ளிவிட முடியாது. கேரளம் சேர்ந்திருந்தது. ஆனால் சேர்ந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. இங்கே மக்களுக்குத் தெரிந்த பெயர் காருண்யா ஆரோக்கிய சுரக்‌ஷா பத்ததி, பேச்சுவழக்கில் காஸ்ப். கொஞ்சம் பணம் டெல்லியிலிருந்து வருகிறது, பெரும்பணம் இங்கிருந்து போகிறது, பெயர் இங்குள்ளது. டெல்லிக்காரர்களுக்கு அது உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும் என்றது இடதுசாரி அரசு. இந்தச் சண்டையில் காப்பீட்டு அட்டை இல்லாத ஏழை எங்கே நிற்கிறான், அட்டை வைத்திருக்கிற ஏழைக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதைப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இது வைத்தியம் பார்க்க வருகிற ஊர். 1865இல் ஆயில்யம் திருநாள் காலத்தில் ஜெனரல் ஆஸ்பத்திரி வந்தது. 1951இல் நேரு வந்து மருத்துவக் கல்லூரியைத் திறந்துவைத்தார். பிறகு ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையம், 1981இல் மண்டலப் புற்றுநோய் மையம். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த மாவட்டத்து நோயாளிகள் இந்த ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து பிரிந்து போகவில்லை. மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் பெரிய வியாதி என்றால் பஸ் வடக்கே பார்த்துத்தான் புறப்படும். அதற்கு முந்தைய காலத்தில் நிலைமை நேர்மாறாகவும் இருந்தது. 1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவமனைதான் திருவிதாங்கூரின் தெற்கு முழுக்க வைத்தியம் பார்த்தது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் வந்து கத்தி பிடித்தது அங்கேதான். எல்லையை நோய் மதிப்பதில்லை. அட்டை மதிக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த அட்டையின் பூர்வீகம். 2008இல் மத்திய அரசின் தொழிலாளர் அமைச்சகம் ராஷ்டிரிய சுவாஸ்த்ய பீமா யோஜனா என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய். குடும்பம் கொடுக்க வேண்டியது 30 ரூபாய் பதிவுக் கட்டணம். கேரளம் அந்த ஆண்டே சேர்ந்தது. டெல்லி வைத்திருந்த ஏழைகள் பட்டியல் நம் கணக்குக்குப் போதாது என்று, மாநில அரசு தன் பட்டியலில் இருந்த மற்ற ஏழைகளையும் தன் செலவில் சேர்த்துக்கொண்டது. புற்றுநோய், இருதயம், சிறுநீரகம் என்று பெரிய வியாதிகளுக்கு மேலே ஒரு 70,000 ரூபாய் கொடுத்தது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி ஓடியது. 2011இல் நிதியமைச்சராக வந்த கே.எம். மாணி காருண்யா லாட்டரியை ஏற்படுத்தினார். அந்த லாபத்திலிருந்து காருண்யா உதவி நிதி. ஒரு நோயாளிக்கு 2 லட்சம் ரூபாய் வரை. லாட்டரிச் சீட்டை யார் வாங்குகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கூலிக்காரரும் ஆட்டோ ஓட்டுபவரும் போட்ட காசில் அவர்கள் வீட்டு நோயாளிக்கே சிகிச்சை. ஏழை வைத்தியத்துக்கு ஏழைச் சூதாட்டம் பணம் கொடுப்பதை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் காருண்யா மக்களிடம் பிடித்துப் போனதற்குக் காரணம் உண்டு. அது பட்டியலைப் பார்க்கவில்லை. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குக் கீழே என்றால் விண்ணப்பிக்கலாம். அட்டை கிடைக்காத அரைகுறை நடுத்தரக் குடும்பத்துக்கு அதுதான் கைப்பிடி.

2018 செப்டம்பர் 23இல் ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத் தொடங்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். நாடு முழுக்க 10.74 கோடிக் குடும்பம். யார் ஏழை என்பதற்கு 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு. கேரளத்து நிதியமைச்சர் தாமஸ் ஐசக் வெளிப்படையாகவே குறை சொன்னார். இவ்வளவு குறைந்த பிரீமியத்தில் 5 லட்சம் என்பது நடக்கிற காரியமா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மத்திய அரசின் கணக்கில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 1,052 ரூபாய். அதில் 60 சதவீதம் மத்திய அரசு தரும். கேரளத்தில் முதல் ஆண்டு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது 1,671 ரூபாய். கேரளம் சேர்த்திருந்த குடும்பங்கள் சுமார் 42 லட்சம். மத்திய அரசு தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது ஏறத்தாழ அதில் பாதிதான். மீதிக் குடும்பங்களின் முழுச் செலவும், ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்கான மிச்சத் தொகையும் மாநிலத்தின் தலையில். 2020 ஜூலையிலிருந்து காப்பீட்டு நிறுவனமே வேண்டாம் என்று மாநில சுகாதார முகமை நேரடியாகப் பணம் கொடுக்கிறது.

கணக்கைப் பார்த்தால் பெயர் விஷயத்தில் கேரளத்தின் பக்கம்தான் நியாயம். ஆனால் அதே கேரள அரசு காருண்யா உதவி நிதியை இந்தப் புதிய திட்டத்தோடு கலந்து மூடப் பார்த்தது. 2019 ஏப்ரலில் மாணி காலமாகியிருந்தார். அவர் தொகுதியான பாலாவில் இடைத்தேர்தல் வரவிருந்தது. எதிர்க்கட்சியான ஐக்கிய ஜனநாயக முன்னணி தெருவுக்கு வந்தது. பணம் இல்லை என்றது நிதித்துறை. நோயாளிகளைக் கைவிட முடியாது என்றது சுகாதாரத் துறை. ஒரே அமைச்சரவைக்குள் இரண்டு குரல். கடைசியில் நிதியை நீட்டித்தார்கள். எதிர்க்கட்சியின் கூச்சல் அரசியல்தான், ஆனால் அந்தக் கூச்சல் இல்லையென்றால் பல ஆயிரம் குடும்பங்கள் ஆதரவு இழந்திருக்கும். அரசியல் சண்டையே கெட்டது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு சண்டை நடந்தது. நான்கரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் காப்பீடு இல்லாமல் இருந்த நாடு அது. ஒபாமா கொண்டுவந்த சட்டம் 2010இல் நிறைவேறியபோது குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னதும், செலவில் 90 சதவீதத்தை வாஷிங்டன் கொடுத்தாலும் வேண்டாம் என்று டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் ஒதுங்கிக்கொண்டன. அங்கே தகராறு, வைத்தியத்துக்கு அரசாங்கம் பொறுப்பா இல்லையா என்பதில். இங்கே அந்தத் தகராறே கிடையாது. 1946இல் வந்த போர் (Bhore) குழு அறிக்கை, காசில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று எழுதி வைத்தது. அந்தக் குழுவில் நம் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் இருந்தார். இன்றுவரை எந்தக் கட்சியும் அதை மறுத்துப் பேசியதில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயத்தில் சண்டை போட வேறு என்ன மிச்சம்? பெயர், படம், பலகை.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம், நம் கதையும் அதுதான். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011இல் ஆட்சி மாறியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று வேறு பெயரில், வேறு நிறுவனத்தோடு வந்தது. அட்டையில் படம் மாறியது. அடியில் ஓடிய எண்ணம் ஒன்றுதான்.

இங்கே பலகைச் சண்டை 2023இல் உச்சத்துக்குப் போனது. சிறிய சுகாதார நிலையங்களுக்கெல்லாம் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் வைக்கச் சொன்னது மத்திய அரசு. கேரளம் மாட்டேன் என்றது. தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்தில் 600 கோடிக்கு மேல் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று அன்றைய சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் குற்றம் சாட்டினார். 2024 ஜூனில் கேரளம் இறங்கி வந்தது: குடும்ப ஆரோக்கிய மையம் என்ற பெயர் அப்படியே இருக்கும், பலகையில் மத்திய அரசின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று. இந்தப் பணத்தில்தான் ஒப்பந்த நர்சுகளின் சம்பளம், ஆஷா சுகாதாரப் பணியாளர்களின் ஊக்கத்தொகை, ஆம்புலன்ஸ் எல்லாம். பலகையில் மூன்று சொல்லுக்காக ஒரு மாநிலத்தின் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் போகிற பணத்தைப் பிடித்து வைப்பது அராஜகம். இதில் நடுநிலை பேச எனக்கு விருப்பமில்லை.

சரி, பெயர் யாருடையதாகவும் இருக்கட்டும். அட்டை என்ன செய்கிறது?

ஒரு அரசு ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டர் அருகே ஒரு முறை நின்றிருந்தேன். முன்னால் ஒரு வயதான அம்மா, எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்துப் பேச்சு. கவுண்டரில் இருந்த பையனிடம் கேட்டார்: "மக்களே, இந்தக் காட்டுக்கு மாத்திரை தருவாவளா?" பையனுக்குத் தமிழ் பிடிபட்டது. "அட்மிட் ஆனா மட்டும், அம்மச்சி" என்றான். அந்த அம்மா அட்டையைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, "அப்போ படுக்கணும் இல்லியா" என்றபடி நகர்ந்தார்.

அந்த அம்மா சொன்னதுதான் திட்டத்தின் இலக்கணம். காஸ்ப் ஆனாலும் ஆயுஷ்மான் ஆனாலும் தமிழ்நாட்டுத் திட்டம் ஆனாலும் கட்டிலில் படுத்தால்தான் காப்பீடு. ஆயுஷ்மான் விதிப்படி அட்மிட் ஆவதற்கு முன் மூன்று நாள், வீட்டுக்குப் போனபின் பதினைந்து நாள். அதற்கான மருந்தும் பரிசோதனையும் சேரும். அதற்கு மேல் கிடையாது. சர்க்கரைக்காரருக்கு மாதாமாதம் மாத்திரை வேண்டும், அட்டை கொடுக்காது. மாத்திரை விட்டுப்போய்ப் புண் வந்து, புண் புரையோடிக் காலை எடுக்க வேண்டி வந்தால் அட்டை பணம் கொடுக்கும். காலைக் காப்பாற்றுவதற்கு இல்லாத காசு, வெட்டுவதற்கு உண்டு.

கேரளத்துக்கு இது மற்ற மாநிலங்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். இந்தியாவிலேயே முதியவர்கள் விகிதம் அதிகமுள்ள மாநிலம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு, மூச்சு என்று வருஷக்கணக்கில் கூடவே வாழ்கிற வியாதிகள். 2019-20 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, கேரளத்தின் மொத்த மருத்துவச் செலவில் 67.9 சதவீதம் மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. இந்தியா முழுவதற்கும் அது 47.1. சிசு மரண விகிதத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று நாம் மார் தட்டுகிற மாநிலத்தில் இந்த நிலை. கேரளக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு அதிகம் போகிறார்கள், தனியாருக்கும் அதிகம் போகிறார்கள், அதனால் கணக்கு ஏறுகிறது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் வசதியுள்ளவன் விரும்பிக் கொடுப்பதும் இல்லாதவன் வேறு வழியின்றிக் கொடுப்பதும் அந்த எண்ணுக்குள் கலந்துதான் கிடக்கின்றன.

இதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. 2017இல் கேரளம் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் நல்ல காரியம். ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையமாக்கி, மாலையிலும் ஓ.பி. நடத்தி, டாக்டரும் லேபும் மருந்தும் ஒரே இடத்தில் கொடுக்க முயன்றார்கள். அங்கே சர்க்கரை மாத்திரை இலவசம்; இருந்தால். இருப்பு இல்லாத மாதம் சீட்டை எழுதித் தருவார்கள், மெடிக்கல் ஷாப்புக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளின் மருந்துத் தட்டுப்பாட்டைத் தணிக்கை அறிக்கையும் சுட்டியிருக்கிறது. மருந்தை மொத்தமாக வாங்கி, கிடங்கில் வைத்து, இருப்பைக் கணினியில் பார்த்து அனுப்புகிற முறையை 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே காட்டியது. கேரளமும் அதைப் பார்த்துத்தான் தன் கழகத்தை அமைத்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. தமிழ்நாட்டுச் சுகாதாரத்தில் நான் மதிக்கிற காரியங்கள் இவை இரண்டும். காப்பீட்டுத் திட்டத்துக்கு அடித்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட மருந்துக் கழகத்துக்குக் கிடைத்ததில்லை. கிடங்கின் மேல் தலைவர் படம் ஒட்டினால் யார் பார்ப்பார்கள்?

காப்பீட்டுப் பணம் அரசு ஆஸ்பத்திரிக்கும் வருகிறதே, அது நல்லதுதானே என்று என் இடதுசாரி நண்பர்கள் கேட்பார்கள். வந்தால் நல்லது. வராதபோது நடப்பதைப் பாருங்கள். அரசு முகமையிடமிருந்து காஸ்ப் பணம் வரும் என்று நம்பி மருத்துவக் கல்லூரிகள் ஸ்டென்டும் எலும்புக்கு வைக்கும் தகடும் கடனுக்கு வாங்குகின்றன. முகமைக்கு நிதித்துறையிலிருந்து பணம் வருவதில்லை. நிலுவை நூறு கோடியைத் தாண்டியதும் 2025இல் சப்ளை செய்கிறவர்கள் கையை விரித்தார்கள். அதற்குச் சில மாதம் முன்னால்தான் இந்த ஊர் மருத்துவக் கல்லூரியின் யூராலஜி துறைத் தலைவர், கருவி இல்லாமல் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது என்று பகிரங்கமாக எழுதினார். அரசு முதலில் அவர் மேல் பாய்ந்தது; பிறகு கருவி வந்தது. தனியார் மருத்துவமனைகளும், பாக்கி வரவில்லை என்று 2023இல் விலகல் அறிவிப்பு கொடுத்தன. அட்டையில் 5 லட்சம் என்று அச்சடித்துவிடலாம். அதைக் கொடுக்கிற கஜானாவில் இருக்க வேண்டுமே. பதினைந்தாம் நிதிக்குழு கேரளத்துக்கு ஒதுக்கிய வரிப்பங்கு 1.925 சதவீதம், பத்தாம் குழு காலத்தில் 3.875 இருந்தது. மாநிலம் அழுவதில் பொருள் உண்டு. ஆனால் அழுகிற அதே மாநிலம் எதை முதலில் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஆஸ்பத்திரி எத்தனையாவது என்றும் நாம் கேட்கலாம்.

இனி, அட்டையே இல்லாதவர். காஸ்பில் சேர 2018-19இல் பழைய அட்டையைப் புதுப்பித்திருக்க வேண்டும், அல்லது பிரதமரின் கடிதம் வந்திருக்க வேண்டும். அந்த வருஷம் புதுப்பிக்கத் தவறியவருக்குக் கதவு அடைத்தது. வறுமை அப்படித் தேதி பார்த்து வருவதா? 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தது. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் சம்பாதிக்கிற ஆளைக் கடலுக்குக் கொடுத்த வீடுகள் எத்தனை! பிறகு 2018 வெள்ளம், பிறகு கோவிட். அந்தந்த ஆண்டில் கவிழ்ந்த குடும்பம் பழைய பட்டியலில் எப்படி இருக்கும்? ரேஷன் கார்டு நிறம் மஞ்சளா, பிங்க்கா, நீலமா, வெள்ளையா என்பதைப் பார்த்து ஏழ்மையை அளக்கிறோம். ஒரு புற்றுநோய் போதும், வெள்ளைக் கார்டு வீடு ஆறு மாதத்தில் மஞ்சள் கார்டு வீட்டுக்குக் கீழே போய்விடும்.

எல்லையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். தென்காசியிலும் திருநெல்வேலியிலும் ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு இங்கே கட்டட வேலையும் ஹோட்டல் வேலையும் பார்க்கிற நம் ஆட்கள் உண்டு. கார்டு ஒரு மாநிலத்தில், உடம்பு இன்னொரு மாநிலத்தில். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 2017இல் கேரளம் ஆவாஸ் என்ற திட்டம் கொண்டுவந்தது. சிகிச்சைக்கு 15,000 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். மற்ற மாநிலங்கள் யோசிக்காததை யோசித்தார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சாரத்திலிருந்து விழுந்து பிழைத்துக்கொண்டவனுக்கு 15,000 எத்தனை நாள்?

70 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், 5 லட்சம் என்று 2024 அக்டோபர் 29இல் மத்திய அரசு தொடங்கியதை பாஜக நண்பர்கள் சுட்டிக்காட்டுவார்கள். டெல்லி, மேற்கு வங்க முதியவர்களிடம், உங்கள் அரசுகள் சேராததால் என்னால் உதவ முடியவில்லை என்று பிரதமர் மன்னிப்பும் கேட்டார். பட்டியலை விட்டுவிட்டு வயதை மட்டும் பார்ப்பது சரியான திசை, மனம் திறந்து ஒப்புக்கொள்கிறேன். செலவைப் பங்கிடும் விதத்தைப் பார்த்தால் பழைய கதைதான்: முதியவர் அதிகமுள்ள மாநிலத்துக்குச் சுமை அதிகம், அறிவிக்கிற பெருமை டெல்லிக்கு. அதுவும் கட்டிலுக்குத்தான், மாத்திரைக்கு அல்ல.

கடைசியாக, வீட்டுப்படி ஏறி வேலை செய்கிறவர்கள். 2025 பிப்ரவரி 10இல் ஆஷா ஊழியர்கள் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். மாநிலத்தில் சுமார் 26,000 பேர். மதிப்பூதியம் 7,000 ரூபாய், கேட்டது 21,000. வெயிலிலும் மழையிலும் இரவும் பகலும் இருந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். மத்திய அரசு கொடுக்க வேண்டும் என்றது மாநிலம். நாங்கள் கொடுத்ததற்கு மாநிலம் கணக்குத் தரவில்லை என்றது மத்திய அரசு. கூலி கேட்டவர்களுக்கு உரிமை அரசியல் பேசும் அரசு காட்டிய முகம் நன்றாக இல்லை. கடைசியில் 1,000 ரூபாய் கூட்டினார்கள். நவம்பர் 1ஆம் தேதி அந்த இரவுபகல் போராட்டம் முடிந்தது. அதே நாளில், செயலகத்துக்குப் பின்னால் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேடியத்தில், கேரளத்தில் கொடிய வறுமை ஒழிந்தது என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். சட்டசபையிலும் அன்று அதைச் சொன்னபோது, எதிர்க்கட்சி அதை மோசடி என்று சொல்லி வெளியேறியது.

மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். 64,006 குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து, உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்று நான்கையும் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்திட்டம் போட்டார்கள். படுக்கையில் கிடந்தவருக்கு மருந்து வீட்டுக்கே போனது. அட்டை செய்யாத வேலையை அங்கே ஆள் செய்தது. அந்தக் குடும்பங்களின் வீட்டுப்படி ஏறி இறங்கியவர்களில் ஆஷாக்களும் உண்டு. அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம், குடும்ப ஆரோக்கிய மையத்தில் பன்னிரண்டு மாதமும் மாத்திரை, எந்த மருந்து இருக்கிறது எது இல்லை என்று வாசலில் ஒரு பலகை. இந்த மூன்றையும் அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். வாசலில் வைக்கிற அந்தப் பலகையில் அவர்கள் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.